"நல்லாதானே இருக்கேன், மாத்திரைய நிறுத்திடலாமா?" – முடக்குவாதம்: வாசகர் கேள்வி, டாக்டர் பதில்

போன இதழ்ல முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், சுருக்கமா ஆர்.ஏ.) பத்தி எழுதினதுக்கு அப்புறம் வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான், மருந்த எப்போ நிறுத்தலாம்? திருவொற்றியூர்லருந்து வியாசர்பாடி வரைக்கும் எல்லாரும் அதையே கேக்குறதால இந்த தடவை முழுசா அதுக்கே ஒதுக்கிட்டோம். கடிதங்கள சுருக்கிருக்கோம், பேரு போடல.

கேள்வி: டாக்டர், எனக்கு 54 வயசு, காசிமேட்டுல மீன் வெட்டுற வேலை. எட்டு வருஷம் முன்னாடி கை விரலெல்லாம் வீங்கி, காலைல எந்திரிச்சா ரெண்டு மணி நேரத்துக்கு கை மடங்காது, அருவாமணைகிட்ட உக்காரவே முடியாது. பெரியாஸ்பத்திரில காமிச்சு ஆர்.ஏ.னு சொல்லி வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரையும் தினம் ஒரு மாத்திரையும் குடுத்தாங்க. இப்போ ரெண்டு வருஷமா ஒண்ணுமே இல்ல, ரத்த டெஸ்ட்டும் நார்மல். என் பொண்ணு "இன்னும் எதுக்கும்மா இவ்ளோ பவர் மாத்திரை, ஈரல் போயிடும், நிறுத்து"ன்னு தினம் சண்டை. நிறுத்திடலாமா? (காசிமேடு வாசகி)

பதில்: அம்மா, கேட்டுட்டு செய்யலாம்னு நெனச்சீங்க பாருங்க, அதுவே பெரிய விஷயம், ஏன்னா முக்கால்வாசி பேர் கேக்குறதே இல்ல. அவங்களா நிறுத்திட்டு ஆறு மாசம் கழிச்சு வீங்குன கையோட வந்து "திடீர்னு வந்துடுச்சு டாக்டர்"ம்பாங்க. தோண்டித் துருவி கேட்டாதான் "நடுவுல கொஞ்ச நாள் மாத்திரைய விட்டேன்"னு வெளிய வரும். இதுல தப்பு அவங்க மேல மட்டும் இல்ல. ஓ.பி.ல ரெண்டு நிமிஷத்துல "அதே மாத்திரை, மூணு மாசம் கழிச்சு வாங்க"ன்னு எழுதிக் குடுத்து அனுப்பிட்டா, இது எவ்ளோ நாளைக்கு, ஏன் சாப்பிடணும், குறைக்க வழி இருக்கான்னு யாருகிட்டதான் போய் கேப்பாங்க? டாக்டர் வாயே தொறக்கலன்னா பேஷன்ட்டு வீட்டுல உக்காந்து தனக்குத்தானே முடிவு எடுக்கத்தான் செய்வாங்க.

சரி, உங்க விஷயத்துக்கு வருவோம். சளிக்கு அஞ்சு நாள் மாத்திரை சாப்ட்டு கோர்ஸ் முடிஞ்சுதுன்னு நிறுத்துறோமே, இது அந்த மாதிரி இல்ல. உடம்போட எதிர்ப்பு சக்தி நம்ம மூட்டையே எதிரின்னு நெனச்சு அடிச்சுட்டு இருக்கு, அத அடக்கி வச்சுருக்குறது அந்த மாத்திரைதான், வியாதிய வேரோட புடுங்கிப் போடல. ரெண்டு வருஷமா ஒண்ணுமே இல்லன்னு சொல்றீங்கல்ல, அந்த "ஒண்ணுமே இல்ல"ய தந்துட்டு இருக்குறதே அதுதான்.

இதுல ஒரு ஏமாத்து வேலை வேற இருக்கு. வாரத்துக்கு ஒரு தடவை போடுற அந்த மெத்தோட்ரெக்ஸேட் வேலை செய்யவே ஆறு வாரத்துலருந்து மூணு மாசம் ஆகும். அதே மாதிரி நிறுத்துனாலும் மறுநாளே வலி வராது. மொத மாசம் ஜம்முனு இருக்கும், "பாத்தியா, மாத்திரை இல்லாமலே நல்லாதானே இருக்கேன்"னு தோணும், சொந்தக்காரங்ககிட்ட வேற சொல்லிடுவீங்க. அப்புறம் ரெண்டாவது மூணாவது மாசம் மணிக்கட்டு லேசா கனக்கும், நேத்து பக்கெட்டு தூக்குனதாலன்னு நெனைப்பீங்க, வீக்கம் தெரியறப்போ ரொம்ப லேட்டாயிருக்கும், திரும்ப மாத்திரை ஆரம்பிச்சாலும் அது வேலை செய்ய இன்னும் ரெண்டு மூணு மாசம். அதுக்குள்ள எலும்புல அரிப்பு விழுந்துட்டா அந்த அரிப்பு திரும்ப ஆறாது. மருந்த திரும்ப ஆரம்பிச்சா பெரும்பாலானவங்களுக்கு வியாதி கட்டுக்குள்ள வந்துடுது, ஆனா சிலருக்கு பழைய மாதிரி வர்றதில்ல, அந்த சிலர்ல நீங்க இருப்பீங்களான்னு முன்கூட்டியே யாராலயும் சொல்ல முடியாது.

கணக்கு வேணும்னா சொல்றேன். 1996ல நெதர்லாந்துல உங்கள மாதிரியே ரொம்ப நாளா நல்லா இருந்த 285 பேர எடுத்து, பாதிப் பேருக்கு அதே மருந்து, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரைன்னு குடுத்து ஒரு வருஷம் பாத்தாங்க. மருந்து நின்னவங்கள்ல 100க்கு 38 பேருக்கு வியாதி திரும்ப கிளம்புச்சு, தொடர்ந்து சாப்ட்டவங்கள்ல 22 பேருக்கு. 2021ல நார்வே நாட்டுக்காரங்க வெளியிட்ட ஆய்வுல நிறுத்தக்கூட இல்ல, டோஸ பாதியாக்குனாங்க, அவ்ளோதான். ஒரு வருஷத்துல பாதி டோஸ்காரங்கள்ல 25 சதவீதம் பேருக்கு வீக்கம் திரும்புச்சு, முழு டோஸ்ல 6 சதவீதம்.

இதையே திருப்பிப் போட்டும் பாக்கணும்ல. நிறுத்துனவங்கள்லயும் 100க்கு 62 பேருக்கு ஒரு வருஷம் ஒண்ணும் ஆகல, டோஸ பாதியாக்குனதுல முக்கால்வாசி பேரு தப்பிச்சாங்க. அதனால "சாகுற வரைக்கும் சாப்பிடணும், கேக்காதீங்க"ன்னு யாராவது சொன்னா அது முழு உண்மை கெடையாது. என் அபிப்பிராயம் என்னன்னா, ஒரேடியா நிறுத்துறது பெரும்பாலானவங்களுக்கு நஷ்ட வியாபாரம், குறைச்சுப் பாக்குறது நியாயமா கேக்கக்கூடிய விஷயம். அதையும் டாக்டர வச்சுகிட்டு, மெதுவா.

அதுக்கு மொதல்ல வியாதி நெஜமாவே அடங்கிருக்கான்னு பாக்கணும். ரிப்போர்ட்டுல நார்மல்னு இருந்தா போதாது. ஒண்ணு பண்ணுங்க, கைய இறுக்கி மூடி முஷ்டி புடிங்க. விரல் முட்டிங்க நாலும் மேடா தெரியும், ரெண்டு மேட்டுக்கு நடுவுல பள்ளம் தெரியணும். உள்ள வீக்கம் இருந்தா அந்த பள்ளம் நிரம்பி மேடு பள்ளம் இல்லாம வழவழன்னு ஒரே மட்டமா இருக்கும், வலிகூட இருக்காது. நாங்க ஓ.பி.ல கைய புடிச்சு ஒவ்வொரு முட்டியா அமுக்குறது இதுக்குத்தான். வீங்குன மூட்டு, அமுக்குனா வலிக்குற மூட்டு, ரத்தத்துல அழற்சி எவ்ளோன்னு காட்டுற ஈ.எஸ்.ஆர். இல்ல சி.ஆர்.பி., நீங்களே உங்களுக்கு குடுக்குற மார்க், இத்தனையும் சேத்துதான் அடங்கிருக்குன்னு சொல்லுவோம், அதுவும் குறைஞ்சது ஆறு மாசம் தொடர்ந்து அப்படி இருக்கணும். ஆர்.ஏ. ஃபேக்டர்ங்குற ரத்த டெஸ்ட் நெகட்டிவ் ஆயிடுச்சான்னு சிலர் மாசா மாசம் காசு குடுத்து பாக்குறாங்க, வேண்டாம், வியாதி நல்லா அடங்குனவங்களுக்கும் அது பாசிட்டிவாவே இருக்கும். ஆன்டி சி.சி.பி.ன்னு ஒரு டெஸ்ட் ஆரம்பத்துல எடுத்துருப்பாங்க, அது பாசிட்டிவா இருந்தவங்களுக்கு மருந்து நின்னா வியாதி திரும்புற வாய்ப்பு ஜாஸ்தி, பழைய ஃபைல்ல தேடிப் பாருங்க.

குறைக்கிறதுக்கும் ஒரு வரிசை இருக்கு. வலி மாத்திரை மொதல்ல போகணும், அப்புறம் ஸ்டீராய்டு. அது ரெண்டும் இல்லாமலே ஆறு மாசம் நல்லா இருந்தாதான் வாராந்திர மாத்திரை பக்கம் கைய வைக்கணும். அதையும் கொஞ்சம் கொஞ்சமா, ஒரு படி எறங்குனா மூணு மாசம் அங்கயே நின்னு பாத்துட்டு அடுத்த படி. தினம் போடுற ஹைட்ராக்ஸிகுளோரோகுயின வழக்கமா கடைசி வரைக்கும் வச்சுப்போம், தொந்தரவு கம்மிங்குறதால.

உங்களுக்குன்னு ஒரு யோசனை. ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், உங்களுக்கு வேலை கம்மி. குறைச்சதோட விளைவு ரெண்டு மூணு மாசம் கழிச்சுதான் தெரியும்னு சொன்னேன்ல, அதனால குறைக்கிறதா இருந்தா பிப்ரவரி வாக்குல ஆரம்பிச்சா, கை மக்கர் பண்ணாலும் அது தடைக்காலத்துல பண்ணும், சீசன்ல ஐஸ் மீன வச்சுகிட்டு முழிக்க வேண்டியதில்ல. உங்க டாக்டர்கிட்ட இத அப்படியே சொல்லுங்க, புரிஞ்சுப்பாரு.

பொண்ணுகிட்ட, ஈரலுக்குத்தான் ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுக்குறாங்கன்னு சொல்லுங்க. அந்த டெஸ்ட்ட ஒழுங்கா எடுத்து, நம்பர் ஏறுனா டோஸ குறைச்சு, அப்படித்தான் பல வருஷம் ஓட்டுறோம். ஈரலுக்கு பயந்து மாத்திரைய விட்டுட்டு வாரக் கடைசில கட்டிங் மட்டும் விடாத அண்ணன்மாருங்க சிலர் இருக்காங்க, அவங்களுக்கு நான் தனியா சொல்லிக்கிறேன்.

கேள்வி: எதிர் வீட்டு அண்ணனுக்கும் என்ன மாதிரியேதான், கை கால் மூட்டெல்லாம் வீங்கி நடக்க முடியாம கெடந்தாரு. ஒரு வருஷத்துல எல்லா மாத்திரையும் விட்டுட்டாரு, இப்போ பைக் ஓட்டுறாரு. எனக்கு மட்டும் ஏன் டாக்டர் நிறுத்தக் கூடாதுங்குறாங்க? (கொருக்குப்பேட்டை வாசகர்)

பதில்: அவருக்கு வந்தது எதுன்னு மொதல்ல கேளுங்க. காய்ச்சலோட ஆரம்பிச்சுதான்னு கேளுங்க. 2006ல சிக்குன்குனியா நம்ம ஊர ஆட்டி வச்சது ஞாபகம் இருக்கும், தெருவுக்கு தெரு எல்லாரும் குனிஞ்சு நடந்தாங்க. அந்த காய்ச்சல் போனதுக்கு அப்புறமும் மூட்டு வீக்கம் மாசக்கணக்குல, சிலருக்கு வருஷத்துக்கு மேலயும் நிக்கும், பாக்க அப்படியே முடக்குவாதம் மாதிரியே இருக்கும், குடுக்குற மாத்திரையும் சில சமயம் இதேதான். ஆனா வித்தியாசம் என்னன்னா அது பெரும்பாலும் தானா அடங்கிடும், அடங்குனதுக்கு அப்புறம் மாத்திரை எதுக்கு? உங்களுது அந்த ரகம் இல்ல. எதிர் வீட்டு மாத்திரைய பாத்து நம்ம மாத்திரைய முடிவு பண்ணாதீங்க தம்பி. அதோட உங்க கடிதத்துல பீடி பத்தி ஒரு வரி போற போக்குல எழுதிருக்கீங்க, அத மொதல்ல நிறுத்துங்க, முடக்குவாதத்த கிளப்பி விடுறதுலயும் மருந்த சரியா வேலை செய்ய விடாம பண்றதுலயும் புகைக்கு பங்கு இருக்கு. நீங்க நிறுத்தணும்னு துடிக்கிறதுல நிறுத்தவேண்டியது அதுதான்.

கேள்வி: வலி தாங்காம மெடிக்கல்ல ஒரு சின்ன வெள்ளை மாத்திரை குடுத்தாங்க, சாப்ட்டா அரை நாள்ல வலி பறந்துடும். மூணு வருஷமா அதேதான். இப்போ முகம் உப்பிடுச்சு, சுகர் வேற வந்துடுச்சு. அது ஸ்டீராய்டுன்னு தெரிஞ்சு பயந்து போய் நேத்துலருந்து சுத்தமா நிறுத்திட்டேன். சரிதானே? (எண்ணூர் வாசகி)

பதில்: சரி இல்லம்மா. இந்த கடிதத்த பாத்த அன்னைக்கே ஆபீஸ்லருந்து உங்களுக்கு போன் பண்ண சொல்லிட்டேன், இங்க எழுதுறது மத்தவங்களுக்காக.

நம்ம கிட்னிக்கு மேல தொப்பி மாதிரி உக்காந்திருக்குற அட்ரினல் சுரப்பி தினமும் கொஞ்சம் ஸ்டீராய்ட தானே தயாரிக்கும். வெளியலருந்து மாத்திரையா வந்துட்டே இருந்தா அது வேலைய நிறுத்திட்டு தூங்கப் போயிடும், மூணு வாரத்துக்கு மேல சாப்ட்டாலே இந்த பயம் உண்டு, நீங்க மூணு வருஷம். திடீர்னு மாத்திரைய நிறுத்துனா வெளியலருந்தும் வராது, உள்ளயும் சுரக்காது. கால் துவளும், தலை சுத்தும், வாந்தி வரும், பிரஷர் எறங்கி மயங்கி விழலாம், காய்ச்சலோ பேதியோ சேந்தா உயிருக்கே ஆபத்து. மூட்டு மருந்துங்கள்ல ஒரேடியா நிறுத்தவே கூடாதது இது ஒண்ணுதான், அதே சமயம் எப்படியாவது நிறுத்தியே ஆகவேண்டியதும் இதுதான். அதனால டாக்டர் எழுதிக் குடுக்குற கணக்குல வாரக்கணக்கா மாசக்கணக்கா குறைச்சுட்டே வரணும், கூடவே மெத்தோட்ரெக்ஸேட் மாதிரி உண்மையான மருந்து ஆரம்பிச்சிருக்கணும், இல்லன்னா குறைக்க குறைக்க வலி ஏறி திரும்ப அதே மெடிக்கல்தான்.

1948ல அமெரிக்காவுல மயோ கிளினிக்ல ஃபிலிப் ஹென்ச்சுன்னு ஒரு டாக்டர் படுத்த படுக்கையா கெடந்த முடக்குவாத பேஷன்ட்டுக்கு மொத மொதல்ல கார்ட்டிசோன் ஊசி போட்டாரு, சில நாள்ல அந்தம்மா எந்திரிச்சு நடந்தாங்க. 1950லயே அதுக்கு நோபல் பரிசு. ஆனா மருந்து நின்னா வியாதி திரும்புது, நிறுத்தலன்னா முகம் உப்புது, எலும்பு தேயுதுன்னு சீக்கிரமே தெரிஞ்சு போச்சு. அன்னைக்கே தெரிஞ்ச சமாச்சாரத்த இன்னைக்கும் சீட்டு இல்லாம கவுன்ட்டர்ல சில்லறை மாதிரி எடுத்து குடுத்துட்டு இருக்காங்க, என்னத்த சொல்ல.

கேள்வி: எனக்கு 26 வயசு, வர்ற தை மாசம் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுல எனக்கு ஆர்.ஏ. இருக்குறது தெரியாது. அங்க போய் மாத்திரை சாப்ட்டா கேப்பாங்க, அதனால கல்யாணத்துக்கு முன்னாடியே எல்லாத்தையும் நிறுத்திடுன்னு அம்மா சொல்றாங்க. (பெரம்பூர் வாசகி)

பதில்: நிறுத்தவேண்டிய காரணம் உங்களுக்கு இருக்குமா, ஆனா அம்மா சொல்ற காரணம் இல்ல. மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுறப்போ கரு உண்டாகக் கூடாது, கரு கலையலாம், குழந்தைக்கு ஊனம் வரலாம். குழந்தைக்கு முயற்சி பண்றதுக்கு முன்னாடியே நிறுத்தணும், நம்ம ஊர்ல வழக்கமா மூணு மாசம் இடைவெளி விடச் சொல்லுவோம். நீங்க அனுப்பிருக்குற சீட்டுல லெஃப்ளுனோமைடும் இருக்கு, அது இன்னும் பிடிவாதமான மருந்து, நிறுத்துனதுக்கு அப்புறமும் ரெண்டு வருஷம் வரைக்கும் உடம்புல தங்கலாம், அத வெளியேத்தவே கொலஸ்டிரமைன்னு ஒரு பவுடர் குடுப்போம். இதெல்லாம் கல்யாண மண்டபம் புக் பண்ணதுக்கு அப்புறம் யோசிக்குற விஷயம் இல்ல, உடனே டாக்டர பாருங்க, அது வரைக்கும் கருத்தடை இல்லாம இருக்காதீங்க.

எல்லாத்தையும் நிறுத்தணும்னு இல்ல, ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், சல்ஃபாசலசின் ரெண்டையும் கர்ப்பத்துலயும் சாப்பிடலாம், மாத்திக் குடுப்பாங்க. கர்ப்பமா இருக்குறப்போ பல பேருக்கு மூட்டு வலி தானா குறையும், பிரசவம் ஆன சில வாரத்துல திரும்ப ஏறும், கைக்குழந்தைய தூக்க முடியாம நிக்குறது அப்பதான். அந்த நேரத்துல வீட்டுல யாருக்கும் எதுவும் தெரியாதுன்னா உங்களுக்கு கை குடுக்க ஆளிருக்காது. சொல்றதா வேண்டாமான்னு முடிவெடுக்கவேண்டியது நீங்கதான், ஆனா குறைஞ்சது கட்டிக்கப் போறவருகிட்டயாவது சொல்லிடுங்கன்னு நான் சொல்லுவேன். வேணும்னா அவரையும் கூட்டிட்டு வாங்க, நான் பேசுறேன். மூணு முடிச்சு விழறதுக்கு முன்னாடி மாத்திரைய மறைச்சு, விழுந்ததுக்கு அப்புறம் வீங்குன விரல எப்படி மறைப்பீங்க?

கேள்வி: கூகுள்ல பாத்தா மெத்தோட்ரெக்ஸேட் கேன்சர் மருந்துன்னு போட்டிருக்கு. எனக்கு கேன்சரே இல்லையே, பயத்துல விட்டுட்டேன். (பழைய வண்ணாரப்பேட்டை வாசகர்)

பதில்: கூகுள் பொய் சொல்லல, பாதிய சொல்லிருக்கு. ரத்தப் புற்றுநோய்க்குன்னு 1940கள்ல வந்த மருந்துக் குடும்பம்தான் இது. அமெரிக்காவுல லெடர்லி கம்பெனில அத உருவாக்குன ஆராய்ச்சிக் குழுவுக்கு தலைவரா இருந்தவரு எல்லாப்ரகட சுப்பாராவ், நம்ம சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிர்ல இருக்குற மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல படிச்சவரு. கதர் போட்டுகிட்டு வந்ததுக்கு வெள்ளக்கார பேராசிரியர் கடுப்பாகி எம்.பி.பி.எஸ். குடுக்காம அதவிட கீழான எல்.எம்.எஸ். பட்டம் மட்டும் குடுத்தாங்கன்னு சொல்லுவாங்க. ஊர்க்காரர் மருந்துங்க, கொஞ்சம் மரியாதை குடுங்க. புற்றுநோய்க்கு கிராம் கணக்குல கூட ஏத்துவாங்க, உங்களுக்கு வாரத்துக்கு 7.5லருந்து 25 மில்லிகிராமுக்குள்ளதான், அந்த அளவுல அது செய்யுறது எதிர்ப்பு சக்திய அடக்குற வேலை. 1988ல இருந்து முடக்குவாதத்துக்கு அமெரிக்காவுல முறைப்படி அனுமதி இருக்கு.

பயப்படவேண்டிய இடம் வேற. இது வாரத்துக்கு ஒரே ஒரு நாள், கூட குடுக்குற ஃபோலிக் ஆசிட் வேற நாள்ல. ரெண்டு மாத்திரையோட பேரும் கேக்க ஒரே மாதிரி இருக்குற பிராண்டுங்க உண்டு, அதுல மாறிப் போய் மெத்தோட்ரெக்ஸேட்ட தினம் சாப்ட்டு வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் எறங்கி ஐ.சி.யு. போனவங்கள பாத்திருக்கேன், உயிரும் போகும். அட்டை மேல ஸ்கெட்ச் பேனாவால "ஞாயிறு மட்டும்"னு பெருசா எழுதி வைங்க. மூத்திர இன்ஃபெக்ஷனுக்கு கோட்ரைமாக்சசோல்ங்குற ஆன்டிபயாடிக்க யாராவது எழுதுனா, இந்த மாத்திரை சாப்பிடுறேன்னு சொல்லிடுங்க, ரெண்டும் சேரக் கூடாது.

கேள்வி: காய்ச்சல் வந்தா மூட்டு மாத்திரைய நிறுத்தணுமா? (மாதவரம் வாசகர்)

பதில்: சும்மா சளி இருமல்னா வேண்டாம். டெங்கு, நிமோனியா, ஆன்டிபயாடிக் போடுற அளவுக்கு இன்ஃபெக்ஷன்னா மெத்தோட்ரெக்ஸேட்டும் லெஃப்ளுனோமைடும் சரியாகுற வரைக்கும் நிறுத்தி வைக்கணும், ஊசி மருந்து போடுறவங்க அடுத்த ஊசிய தள்ளிப் போடணும், எதையும் டாக்டருக்கு ஒரு போன் போட்டு கேட்டுட்டு. ஸ்டீராய்டு சாப்பிடுறவங்க மட்டும் அத நிறுத்தவே கூடாது, காய்ச்சல்ல அது கூடுதலா தேவைப்படும். காய்ச்சல் போன ஒரு ரெண்டு வாரத்துல திரும்ப ஆரம்பிக்கணும். பல பேரு அந்த "திரும்ப ஆரம்பிக்கணும்"ங்குறதத்தான் மறந்துடுறாங்க.

கேள்வி: ஒருத்தர் பொடி குடுக்குறாரு, இங்கிலீஷ் மருந்த விட்டாதான் வேலை செய்யுமாம். ரெண்டே நாள்ல வலி போச்சு. (தண்டையார்பேட்டை வாசகி)

பதில்: ரெண்டே நாள்ல போச்சுன்னா எனக்கு சந்தேகம்தான் வருது. லேபிள் இல்லாத பொடிங்கள்ல ஸ்டீராய்டு கலந்திருந்தது பல இடங்கள்ல டெஸ்ட் பண்ணி கண்டுபுடிச்ச விஷயம், எண்ணூர் அம்மாவுக்கு சொன்னதெல்லாம் உங்களுக்கும் பொருந்தும். முறையா படிச்ச சித்த மருத்துவர்கிட்ட போறீங்கன்னா அது வேற கதை, அவங்க இந்த மருந்த விடுன்னு மெரட்ட மாட்டாங்க, சீட்டும் எழுதிக் குடுப்பாங்க. பொடிய திடீர்னு விடாம, பாக்கெட்டோட உங்க டாக்டர்கிட்ட எடுத்துட்டுப் போங்க.

கேள்வி: ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கண்ண குருடாக்கிடுமாமே, அதயாவது நிறுத்தட்டுமா? (புளியந்தோப்பு வாசகர்)

பதில்: கிலோவுக்கு 5 மில்லிகிராம தாண்டாம சாப்ட்டா மொத சில வருஷத்துல அந்த பாதிப்பு ரொம்ப அபூர்வம். ஆரம்பத்துல ஒரு தடவை கண் விழித்திரைய பாத்துக்கணும், அஞ்சு வருஷத்துக்கு அப்புறம் வருஷா வருஷம், கிட்னி பிரச்சனை இருந்தா இன்னும் முன்னாடியே. எழும்பூர் கண்ணாஸ்பத்திரிக்கு போறப்போ மாத்திரை பேரும் எத்தன வருஷமா சாப்பிடுறீங்கன்னும் ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துட்டுப் போங்க, வெறும் கண்ணாடி பவர் செக் பண்ணி அனுப்பிட்டா அது இந்த டெஸ்ட் இல்ல.